நூறு கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜர் இருந்தால் போதுமா?

வாசகர் கேள்வி, 18 டிசம்பர் 2022

சென்னை–திருச்சி–மதுரை சாலையில் பெட்ரோல் பங்க்குகளிலேயே மின்சாரக் காருக்கு ஃபாஸ்ட் சார்ஜர் வைத்துவிட்டார்கள், ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு ஒன்று என்று படித்தேன். இப்போது வரும் கார்கள் ஒரு சார்ஜுக்கு 250 கிலோமீட்டராவது ஓடுகின்றன. அப்படியானால் ஊருக்குப் போகப் பயமில்லை, சரிதானே? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

18 டிசம்பர் 2022, இரவு 10.40

காகிதத்தில் சரி. இந்தத் தீபாவளிக்குப் போய்வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் வண்டி டாடா நெக்ஸான் இ.வி. மேக்ஸ், 40.5 யூனிட் பேட்டரி. சோதனையில் கிடைத்ததாகச் சொல்லும் 437 கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். ஏ.சி. போட்டு 90-ல் போனால் யூனிட்டுக்கு ஆறு, ஆறேகால் கிலோமீட்டர். ஆக, 250. தாம்பரத்திலிருந்து கயத்தாறு பக்கம் எங்கள் ஊருக்கு 570 சொச்சம். வழியில் இரண்டு முறை நிறுத்தினால் போதும் என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் முதல் நிறுத்தம். 31 சதவீதம் மீதி. பங்க்கின் ஓரத்தில் சார்ஜர் பெட்டி நிற்கிறது, திரை எரிகிறது, செயலியில் பச்சை நிறம். கன்னை, அதாவது பெட்டியின் கம்பி நுனியில் இருக்கும் பிளக்கை, காரில் செருகினால் சிவப்பில் ஒரு பிழை எண். எடுத்துச் செருகினேன். வண்டியை அணைத்துப் போட்டேன். உதவி எண்ணில் இசை கேட்டேன். பெட்ரோல் போடும் பையன், "நேற்றே ஒருவர் திரும்பிப் போனார் சார்" என்றான். நேற்றே போனவரைப் பற்றி அந்தச் செயலிக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த சார்ஜர் பெரம்பலூர்ப் பக்கம், 70 கிலோமீட்டர். ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கி, 55-ல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தேன். எங்களைத் தாண்டிப் போன மாட்டுத்தீவன வண்டியின் டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என் மனைவி ஒன்றுமே பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒன்பது சதவீதத்தில் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்த பெட்டி வேலை செய்தது.

நூறு கிலோமீட்டருக்கு ஒரே ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு கன் என்றால், ஒன்று படுத்த நாளில் இடைவெளி இருநூறு. உங்கள் கணக்கில் விட்டுப்போனது அதுதான்.

எந்த நிறுவனத்தின் பெட்டி என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் இன்னொன்றில் இதே கதை நடக்கும்.

19 டிசம்பர் 2022

"அரசு விதிப்படி நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டுமே, நீங்கள் நூறு என்கிறீர்களே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது: நகரத்தில் 3-க்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. அது எல்லா வகைக்கும் சேர்த்து. நீண்ட தூர வண்டிகளுக்கும் கனரக வாகனங்களுக்கும் வேண்டிய வேகமான சார்ஜர் என்று வரும்போது அதே வழிகாட்டுதல் நூறு கிலோமீட்டர் என்றுதான் பேசுகிறது. மே மாதம் பாரத் பெட்ரோலியம் இந்தச் சாலையில் தொடங்கிய திட்டமும் அதே இடைவெளிக் கணக்கில் வந்ததுதான்.

வழிகாட்டுதலில் சார்ஜ் ஏறாது என்பது வேறு.

2 ஜனவரி 2023

கன் என்கிறாயே, துப்பாக்கி என்று தமிழில் எழுதக்கூடாதா என்று ஒரு நண்பர். "துப்பாக்கியைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனேன்" என்று எழுதினால் போலீஸ் வரும். கன் என்றே இருக்கட்டும்.

"பெட்டியில் கரண்ட் இருந்தால் ஏற வேண்டியதுதானே, வீட்டு பிளக்கில் ஏறவில்லையா?" இது நல்ல கேள்வி. வீட்டு பிளக்கில் வருவது ஏ.சி. (மாறுதிசை) மின்சாரம்; அதைப் பேட்டரிக்கு வேண்டிய டி.சி.யாக (நேர்திசை) மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது, சிறியது. ஃபாஸ்ட் சார்ஜரில் அந்த மாற்றும் வேலையைப் பெட்டி செய்து, டி.சி.யை நேராகப் பேட்டரிக்குத் தள்ளுகிறது. அதனால்தான் பெட்டி பீரோ அளவுக்கு இருக்கிறது, உள்ளே விசிறிகள் மாவு மில் மாதிரி இரைகின்றன.

இப்படி நேராகத் தள்ளுவதால் காரும் பெட்டியும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். காரின் மூடியைத் திறந்து பாருங்கள்: மேலே ஏழு சிறிய முனைகள், கீழே கட்டைவிரல் பருமனில் இரண்டு. கரண்ட் போவது கீழே இருக்கும் இரண்டில். பேச்சு மேலே. எனக்கு எத்தனை வோல்ட் வேண்டும், எத்தனை ஆம்பியர் தாங்குவேன் என்று கார் சொல்கிறது. பெட்டி தன்னால் முடிந்ததைச் சொல்கிறது. கம்பியில் எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்று ஒரு சோதனை. எல்லாம் சரியென்றால் காருக்குள் "டக்" என்று ஒரு சத்தம். அந்த டக் வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

இதற்கும் முன்னால் இன்னொரு பேச்சு நடக்கிறது, பெட்டிக்கும் எங்கோ இருக்கும் சர்வருக்கும்: இவர் கணக்கில் பணம் இருக்கிறதா, திறக்கலாமா என்று. அது பெட்டிக்குள் செருகிய ஒரு சிம் கார்டு வழியாக. டவர் கிடைக்காத இடத்தில் பங்க் இருந்தால், கரண்ட் இருக்கும், கன் இருக்கும், கார் இருக்கும், செயலியின் வாலட்டில் பணமும் இருக்கும், சிக்னல் இருக்காது. நான் இப்போது பெட்டியில் காட்டும் அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சில பெட்டிகள் அட்டையைக் காட்டினால் சர்வரைக் கேட்காமலே திறந்துவிடுகின்றன.

17 ஜனவரி 2023

பொங்கல் முடித்துத் திரும்பி வந்தாயிற்று. இந்த முறை எதுவும் பழுதில்லை. அதனால்தான் இன்னும் மோசம்.

திருமங்கலத்துக்கு முன்னால் ஒரே கன், 25 கிலோவாட், அதாவது மணிக்கு 25 யூனிட் ஏற்றும். எனக்கு முன்னால் மூன்று கார்கள். பத்திலிருந்து எண்பது சதவீதம் என்றால் 28 யூனிட். 25 கிலோவாட்டில் எழுபது நிமிடம். மூன்று பேருக்கு மூன்றரை மணி நேரம். பெட்ரோல் வரிசையில் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவர் மூன்று நிமிடக்காரர். இங்கே முன்னால் நிற்பவர் ஒரு முழு மதிய உணவு.

முன்னால் இருந்த பெரியவர் நூறு வரை ஏற்றியே தீருவேன் என்று நின்றார். எண்பதுக்கு மேல் போகப்போகப் பேட்டரி தானே வேகத்தைக் குறைக்கும், கடைசிப் பத்து நொண்டும் என்று பணிவாகச் சொன்னேன். "தம்பி, வழியில் அடுத்தது வேலை செய்யும் என்று எழுதிக் கொடுங்கள், இப்போதே கழற்றுகிறேன்" என்றார். வாயடைத்துப்போனது. உளுந்தூர்பேட்டையில் பட்டவன் நான். நானே அவர் இடத்தில் இருந்தால் நூற்று இரண்டு வரை ஏற்றியிருப்பேன்.

வரிசை நீளுவதற்கும் பெட்டி படுப்பதற்கும் தொடர்பு உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. நம்பிக்கை இல்லாதவன் நிறைய ஏற்றுகிறான். நிறைய ஏற்றுபவனால் வரிசை நீள்கிறது.

20 ஜனவரி 2023

"அவ்வளவு கஷ்டம் என்றால் ரயிலில் போக வேண்டியதுதானே?" பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், காரை விற்றுவிடுகிறேன்.

11 ஏப்ரல் 2023

மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 ஃபாஸ்ட் சார்ஜர் வைக்க 800 கோடி ரூபாய் என்று போன மாதக் கடைசியில் அறிவித்திருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் நிறுவனங்கள் சதவீதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகின்றன. எனக்கோ அரசு அலுவலக வளாகங்களில் நிற்கும் பழைய பெட்டிகளின் ஞாபகம் வருகிறது. சென்னையிலேயே ஒன்றைப் பார்த்திருக்கிறேன், மேலே புறா கூடு கட்டியிருந்தது.

அவை பாரத் டி.சி. 001 என்ற வகை. 15 கிலோவாட். அன்றைக்கு ஓடிய இ-வெரிட்டோ போன்ற 72 வோல்ட் வண்டிகளுக்காகச் செய்தவை. 2019-இல் ஹூண்டாய் கோனா, 2020 தொடக்கத்தில் நெக்ஸானும் எம்.ஜி. இசட்.எஸ்.ஸும் வந்தன, எல்லாம் முன்னூறு வோல்ட் சங்கதி, சி.சி.எஸ். 2 கன், நான் முன்பு சொன்ன மேலே ஏழு, கீழே இரண்டு முனை வகை. புதுக் கார் எதுவும் பழைய பெட்டியின் வாயில் நுழையாது. நுழைந்தாலும் அதன் 72 வோல்ட் இந்த வண்டிகளில் ஏறவே ஏறாது. கணக்கெடுப்பில் அவையும் ஒரு சார்ஜர்தான். ஏட்டுச் சுரைக்காய்.

இன்று ஒரு நல்ல விஷயம் என்னவென்றால், புதிதாக வரும் நான்கு சக்கர வண்டிகள் அநேகமாக எல்லாம் ஒரே கன்னுக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் போன நவம்பரில்தான் டெஸ்லா தன் கன்னின் வடிவத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது. அங்கே இனிமேல்தான் அடிதடி. இங்கே பெரிய சண்டை இல்லாமலே முடிந்தது.

13 ஏப்ரல் 2023

மேலே "நிறுவனங்கள் சதவீதத்தைப் பார்த்து" என்று எழுதியது தவறு, எண்ணிக்கையைப் பார்த்து என்று இருக்க வேண்டும். இன்னொன்று, புறாக் கூடு வேறு ஒரு பெட்டியில், அதுவும் திருச்சியில் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம்.

15 நவம்பர் 2023

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய நாள். விருதுநகர் தாண்டி ஒரு பங்க். புதிதாக வந்த 60 கிலோவாட் பெட்டி, இரண்டு கன். இருவர் போட்டால் முப்பது முப்பதாகப் பிரியும், ஒருவர் என்றால் என் வண்டி தாங்கும் 50 வரை ஏறும். ஆசையாகப் போய்ச் செருகினால், சிவப்பில் பிழை எண். எனக்கு உடனே 2022 ஞாபகம், கை நடுக்கம், அடுத்த சார்ஜர் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு.

பக்கத்தில் பரோட்டாக் கடை. கடையிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெட்டியின் பக்கவாட்டுக்குப் போனார். அங்கே காளான் மாதிரி குண்டாக ஒரு சிவப்புப் பொத்தான், ஆபத்து வந்தால் அமுக்குவதற்கு. உள்ளே அமுங்கியிருந்தது. வலப்பக்கமாகத் திருகினார், தவளை குதித்த மாதிரி வெளியே வந்தது. "பிள்ளைகள் அமுக்கிவிட்டுப் போய்விடும் சார். வாரத்துக்கு நாலு தடவை." திரை அணைந்து எழுந்தது. டக்.

அவர் பங்க் ஊழியர் இல்லை, சார்ஜர் நிறுவனத்து ஆளும் இல்லை. சார்ஜ் ஏறும் நேரத்தில் வண்டிக்காரர்கள் தன் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதால் கற்றுக்கொண்டிருக்கிறார்.

வெட்கம் எதற்கு என்றால், 2022-இல் உளுந்தூர்பேட்டையில் நான் பெட்டியின் பக்கவாட்டைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தேன், செயலியைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். அங்கேயும் இதே பொத்தானாக இருந்திருக்கலாம். ஒரு வருடமாக ஒரு நிறுவனத்தை வைதுகொண்டிருக்கிறேன். உறுதியில்லை, ஆனால் இப்போது வைய மனம் வரவில்லை. அந்தப் பிழை எண்ணுக்குப் பதிலாகத் திரையில் "பக்கத்தில் சிவப்புப் பொத்தானைத் திருகுங்கள்" என்று தமிழில் ஒரு வரி வந்திருந்தால் நான் லாரிக்குப் பின்னால் 70 கிலோமீட்டர் ஊர்ந்திருக்க வேண்டியதில்லை. சரி, வைதுவிட்டேன்.

16 நவம்பர் 2023

பொத்தானைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பொத்தானை அமுக்கினால் உடனே நின்றுவிடும், பொதுவாக வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இல்லை, வரிசையில் முன்னால் இருப்பவர் டீ குடிக்கப் போயிருக்கும்போது அமுக்குவது தர்மம் இல்லை. கேட்டவருக்குத் தெரியும் நான் யாரைச் சொல்கிறேன் என்று.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வண்டியை மேட்டில் இருந்த மைத்துனர் வீட்டு வாசலில் விட்டிருந்தேன், 72 சதவீதத்தோடு. ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று நாளுக்கான மின்சாரத்தை வாசலில் வைத்துக்கொண்டு மெழுகுவத்தி தேடினோம். செப்டம்பரில் வந்த புது நெக்ஸானில் வண்டியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கும் வசதி இருக்கிறது; என்னுடையதில் இல்லை. செல்போனை மட்டும் ஏற்றிக்கொண்டோம், தெருவில் பதினோரு பேர்.

தலைப்புக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

6 ஜூலை 2024

ஒரு பில்லை எழுதிவைக்கிறேன், பின்னால் ஒப்பிட உதவும். 28 யூனிட். யூனிட்டுக்கு 21 ரூபாய், 588. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 105 ரூபாய் 84 காசு. மொத்தம் 693.84. இதில் ஓடியது 176 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெட்ரோல் கார் என்றால் ஆறு ரூபாய் ஆகியிருக்கும். லாபம்தான், ஆனால் வீட்டில் ஏற்றுகிறவன் பேசும் லாபம் இல்லை. கார் வாங்கினால் வரி 5 சதவீதம், கார் குடிக்கும் கரண்டுக்கு 18. குழந்தைக்குச் சலுகை, பாலுக்கு அபராதம்.

இந்த 21 ரூபாயில் கொள்ளையடிக்கிறார்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நோட்டில் போட்டுப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது. 60 கிலோவாட் பெட்டி நாள் முழுக்க ஓடினால் 1,440 யூனிட். சாதாரண செவ்வாய்க்கிழமை நான் போகும் பெட்டிக்கு மூன்று கார் வந்தால் அதிசயம். காருக்கு 25 யூனிட் என்றால் 75. ஐந்து சதவீதம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் மிஞ்சுகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம், நாளைக்கு 750, மாதம் 22,500. இதில் பங்க்குக்கு இடவாடகை, சிம், பழுது பார்க்க ஆள் வரும் செலவு, பெட்டி வாங்கிய கடனுக்கு வட்டி. பத்துப் பெட்டி வைத்திருப்பவன் ஒரு ஆளைப் போட்டாலே பெரிது. அந்த ஆள் திருச்சியில் இருப்பான், பெட்டி கோவில்பட்டியில் படுத்திருக்கும்.

வருடத்தில் முந்நூற்று ஐம்பது நாள் ஈ ஓட்டுகிறது. மீதி நாட்களில், தீபாவளி, பொங்கல், நீண்ட வார இறுதி, எல்லோரும் ஒன்றாக வந்து ஏன் இரண்டே கன் என்று கேட்கிறோம். நானும் கேட்டவன்தான். மேலே 17 ஜனவரி 2023-ஐப் பாருங்கள்.

8 ஜூலை 2024

"அப்படியென்றால் யாருமே வைக்க மாட்டார்களே, ஆனால் கூடிக்கொண்டேதான் போகிறது?" உண்மை. பங்க்கில் வைப்பவன் ஒரு கணக்கில் வைக்கிறான், ஓட்டலில் வைப்பவன் வேறு கணக்கில். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஜியான் மாதிரி நிறுவனங்கள் சாப்பிடும் இடத்தைப் பார்த்துப் பெட்டி வைக்கின்றன. நாற்பது நிமிடம் உட்காருகிற குடும்பம் நாற்பது நிமிடத்துக்குச் சாப்பிடும். கழிப்பறை சுத்தமாக இருக்கும். பெட்டி படுத்தால் ஓட்டல்காரருக்கு வியாபாரம் போகும், ஆகவே அவரே போன் செய்வார். விருதுநகர் பரோட்டாக் கடைக்காரர் சம்பளம் இல்லாமல் செய்ததும் இதே கணக்கில்தான். பெட்ரோல் போடும் பையனுக்கு அந்தப் பெட்டி ஓடினாலும் படுத்தாலும் ஒரே சம்பளம். அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

இடைவெளி எத்தனை கிலோமீட்டர் என்பதிலேயே நான் இரண்டு வருடமாக நின்றுவிட்டேன். பெட்டி படுத்தால் யாருடைய சோறு குறைகிறது என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

29 செப்டம்பர் 2024

மின்துறை இந்த மாதம் புது வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. சார்ஜிங் நிலையத்துக்கு விற்கும் மின்சாரம் காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் பொங்கி வழியும் நேரத்தில், சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. சரியான யோசனை. ஆனால் தென்மாவட்டத்துக்காரன் எவன் பகல் 12 மணிக்கு ஊருக்குக் கிளம்புகிறான்? அதிகாலை நான்கு மணி அல்லது ராத்திரி பத்து மணி, அதுதான் நம் பஞ்சாங்கம். சித்திரை வெயிலில் நடுப்பகல் விராலிமலையில் கம்பியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மலைப்பாம்பு கனம், அடுப்பங்கரைச் சூடு. பெட்டியே சூட்டில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

லண்டனில் இருக்கும் என் சித்தி மகன் இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று சிரித்தான். அங்கே 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்கள் ஒரு நிறுவனத்துக்கு வருடச் சராசரியில் 99 சதவீத நேரம் வேலை செய்தாக வேண்டும் என்று 2023-லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். வங்கி அட்டையைத் தட்டினாலே பணம் போக வேண்டும் என்பது இந்த நவம்பர் 24 முதல். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி முக்கியச் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்பதோடு நிற்கவில்லை. அடுத்த வருட முடிவுக்குள் ஒவ்வோர் இடத்திலும் மொத்தம் 400 கிலோவாட், அதில் ஒன்றாவது 150 என்கிறது. எனக்குப் பொறாமை அந்த 400 மேல்தான். நம் ஊர்ப் பேச்சு இடைவெளியோடு நின்றுவிடுகிறது, அவர்கள் விதி இடைவெளியோடு பானையின் அளவையும் எண்ணுகிறது.

என் செல்போனில் இன்றைய தேதிக்கு ஒன்பது சார்ஜிங் செயலிகள். ஒவ்வொன்றின் வாலட்டிலும் 37 ரூபாய், 112 ரூபாய், 8 ரூபாய் என்று செத்த பணம். மொத்தம் கூட்டினேன்: 641. பூக்காரம்மா யு.பி.ஐ.யில் இருபது ரூபாய் வாங்குகிற ஊரில்.

4 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. ஒரு வரிசையும் இல்லை. நம்ப முடியாமல் இரண்டு முறை எழுதுகிறேன்: ஒரு வரிசையும் இல்லை.

வெள்ளிக்கிழமையும் விடுமுறை விட்டதால் கூட்டம் இரண்டு நாளாகப் பிரிந்திருக்கலாம். அல்லது நான் மதுரையைப் பின்னிரவில் தாண்டியதால் இருக்கலாம். ஒரு அனுபவத்தை வைத்து இந்த முறை எதையும் அறிவிக்கப் போவதில்லை, திருந்திவிட்டேன்.

19 ஜனவரி 2025

திருந்தியது சரிதான். பொங்கலுக்கு வரிசை. ஆனால் வேறு மாதிரி: நான்கு கன் உள்ள இடத்தில் ஐந்தாவது ஆளாக நின்றேன், இருபத்தைந்து நிமிடத்தில் ஒருவர் கழற்றினார். ஒரே கன் உள்ள இடத்தில் இரண்டாவது ஆளாக நிற்பதைவிட நான்கு கன் உள்ள இடத்தில் ஐந்தாவதாக நிற்பது மேல். ரேஷன் கடையில் நின்றவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று படுத்தாலும் மூன்று இருக்கிறது.

நாடு முழுக்கப் பொது சார்ஜிங் நிலையங்கள் 2022-இல் 5,151, 2023-இல் 11,903, 2024 முடிவில் 25,202. இரண்டு வருடத்தில் ஐந்து மடங்கு. இதில் கர்நாடகத்தில் மட்டும் 5,765. எண்ணிக்கையை நான் கிண்டல் செய்தேன், ஆனால் சாலையில் வித்தியாசம் தெரிகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தாம்பரத்திலிருந்து ஊருக்குப் போகும் வழியில் எங்கே நிறுத்தலாம் என்று நோட்டில் 2022-இல் ஏழு இடம் எழுதியிருந்தேன். இப்போது எழுதுவதையே விட்டுவிட்டேன்.

22 அக்டோபர் 2025

தீபாவளி திங்கட்கிழமை, நேற்றிரவு திரும்பினோம்.

இந்த முறை சாலையில் புதுக் கூட்டம். போன நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா வண்டிகள், 59-உம் 79-உம் யூனிட் பேட்டரி, தகுந்த பெட்டி கிடைத்தால் 20-லிருந்து 80-க்கு இருபது நிமிடம். என் வண்டி 50-க்கு மேல் தாங்காது. 120 கிலோவாட் பெட்டியில் நான் ஒரு கன்னில் உறிஞ்சியால் குடிக்க, பக்கத்துக் கன்னில் அவர் அண்டாவோடு வந்து நிற்கிறார். நான் இருப்பதால் அவருக்கு 120 முழுதும் கிடைக்காது. "சார், எத்தனை சதவீதத்தில் இருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும், திருமங்கலத்தில் பெரியவரிடம் நான் பேசிய குரல். 74-இல் கழற்றிக்கொடுத்தேன். அடுத்தது வேலை செய்யும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இருந்தும் கழற்றினேன்.

திரும்பும் வழியில் விருதுநகர்ப் பங்க்கில் நிறுத்தினேன், சார்ஜுக்கு அவசியம் இல்லை, பரோட்டாவுக்காக. அதே 60 கிலோவாட் பெட்டி வெயிலில் வெளுத்துப்போய் நிற்கிறது. பக்கவாட்டில் சிவப்புப் பொத்தானுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, ஒரு ஓரம் மட்டும் டேப் ஒட்டி, வேண்டும்போது தூக்குகிற மாதிரி வைத்திருக்கிறார். சால்னா பார்சல் டப்பா. இப்போது எத்தனை தடவை அமுக்குகிறார்கள் என்று கேட்டேன். "மாதத்துக்கு ஒன்று சார்" என்றார்.